தோற்பவனுக்கும் ஒரு நாற்காலி

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் 'இளைஞர்களும் ஓய்வு நேரமும்' என்ற தலைப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இளைஞர்களின் ஓய்வு நேரம் என்று பேச்சு எழுந்தாலே கைத்தொலைபேசி, மது, குண்டர் கும்பல் என்ற மூன்றும் முன்னே வந்து நிற்கின்றன. அவற்றால் வரும் தீமைகளை எல்லாரும் அறிவோம். 'இதைச் செய்யாதே' என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். 'இதைச் செய்து பார்' என்று சொல்பவர்கள் குறைவு. ஆகவே இந்த உரை செய்து பார்க்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்கிறது.

அதற்கு வேண்டியவை ஒரு மேசை, இரண்டு பகடைகள், ஓர் அளவு நாடா, கட்டைவிரல் உயரத்தில் சில பொம்மை வீரர்கள், மாதம் ஒரு முறை தவறாமல் வந்து உட்காரும் ஐந்தாறு நண்பர்கள். அவ்வளவுதான். மேசைமேல் பழங்காலப் போர் ஒன்றை நடத்துவதே விளையாட்டு. ஒரு நாள் போரோடு முடிந்துவிடாமல், வரைபடம் வைத்து மாதக்கணக்கில் நடத்தினால் அது படையெடுப்புத் தொடர் ஆகிறது.

இது யாருடைய விளையாட்டு?

இது வெள்ளைக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு அல்லவா என்று சிலர் கேட்கலாம். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையையும் பலகைமேல் நிறுத்தி விளையாடிய மண் இந்தியா. அந்தச் சதுரங்கம் பாரசீகம் வழியாக உலகமெங்கும் போனது. மலாய் மொழியில் இன்றும் அதற்குப் பெயர் 'சத்துர்'. பழைய மலாய்ச் சதுரங்கத்தில் கோட்டைக் காய்க்கு 'தெர்' என்று பெயர். அது நம்முடைய தேர்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

சதுரங்கத்தில் எல்லாம் கட்டத்துக்குள் நடக்கும். மழை இல்லை, சேறு இல்லை, பசி இல்லை. இவற்றையும் பலகைமேல் கொண்டுவந்தவர்கள் பிரஷ்ய நாட்டினர். 1812-இல் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி ஒரு போர் விளையாட்டைத் தம் அரசருக்குக் காட்டினார். அவருடைய மகன் 1824-இல் அதைச் செம்மைப்படுத்தி, உண்மையான வரைபடத்தின் மேல் ஆடும்படி செய்தார். பிரஷ்ய இராணுவம் அதைத் தன் அதிகாரிகளுக்குப் பயிற்சியாகவே வைத்தது. 1913-இல் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ், பொம்மை வீரர்களை வைத்து வீட்டுத் தரையில் ஆடும் முறையை 'சிறிய போர்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக எழுதினார். டோனி பாத் என்ற ஆங்கிலேயர் 1950-களில் பழங்கால, இடைக்காலப் போர்களுக்கு விதிகள் எழுதினார். கற்பனைக் கண்டம் ஒன்றில் நண்பர்களுடன் ஆண்டுக்கணக்கில் படையெடுப்புத் தொடர் நடத்தியவரும் அவரே. அமெரிக்காவில் 1971-இல் கேரி கைகாக்ஸ், ஜெப் பெரன் இருவரும் எழுதிய இடைக்காலப் போர் விதிகளிலிருந்துதான், 1974-இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பிறந்தது. இன்று பிள்ளைகள் கணினியில் ஆடும் எத்தனையோ விளையாட்டுகளுக்கு அது மூதாதை.

மேசைமேல் என்ன நடக்கிறது?

1990-இல் பில் பார்க்கர் முதலியோர் வெளியிட்ட 'டி.பி.ஏ.' என்ற சுருக்கமான விதிமுறையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கத்துக்கும் 12 அணிகள். ஓர் அணி என்பது சிறிய அட்டையின்மேல் ஒட்டிய சில பொம்மைகள். சிறிய பொம்மைகளானால் இரண்டடிக்கு இரண்டடி இடம் போதும். சாப்பாட்டு மேசையில் பாதி. ஓர் ஆட்டம் சுமார் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்த நூலின் படைப் பட்டியல்களில் தமிழர் படைக்கும் சிங்களர் படைக்கும் இடம் உண்டு என்பது நம்மவர் பலருக்குத் தெரியாத செய்தி.

ஒருவன் தன் முறை வரும்போது பகடையை உருட்டுகிறான். ஆறு விழுந்தால் ஆறு நகர்வு. ஒன்று விழுந்தால் ஒரே ஒரு நகர்வு. படைத் தலைவன் மனத்தில் ஆயிரம் திட்டம் இருக்கலாம். தூதுவன் போய்ச் சேராவிட்டால் அணிகள் நின்ற இடத்திலேயே நிற்கும் என்பதுதான் அதன் பொருள். யானைப்படை முன்னே போனால் எதிரி கலங்குவான். அதே யானை பின்வாங்கினால், பின்னால் நிற்கும் சொந்தப் படையையே மிதித்துவிடும். யானை இருந்தால் வெற்றி நிச்சயம் என்று எண்ணி வந்த பிள்ளை, முதல் ஆட்டத்திலேயே அந்தப் பாடத்தைப் படித்துக்கொள்கிறான்.

பகடை என்றதும் தாய்மார்கள் முகம் சுளிப்பது இயல்பு. சகுனியின் பகடை நாட்டைத் தொலைத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சூதாட்டத்தில் பந்தயப் பொருள் உண்டு. இங்கே ஒரு சென் கூடப் பந்தயம் இல்லை. இந்தப் பகடை மழைக்கும், அச்சத்துக்கும், தவறாகக் காதில் விழுந்த கட்டளைக்கும் பதிலாக நிற்கிறது.

கடாரத்தை ஆடிப் பார்ப்பது

எந்தப் போரை ஆடுவது? மலேசியத் தமிழருக்கு இந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டியதில்லை. 'கடாரம் கொண்டான்' என்ற பட்டத்தைச் சொல்லாத மேடை உண்டா? சாண்டில்யனின் 'கடல் புறா'வைப் படித்துப் பக்கங்கள் கிழிந்துபோன பிரதி, தோட்டத்து வீடுகள் பலவற்றில் இருந்திருக்கும். ஆனால் 1025-இல் முதலாம் இராஜேந்திர சோழன் நடத்திய அந்தக் கடற்படையெடுப்பைப் பற்றி, பெருமைக்கு மேல் எவ்வளவு தெரியும் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது.

மேசை அங்கேதான் உதவுகிறது. சோழர் பக்கம் இருவர், கடாரம் - ஸ்ரீவிஜயம் பக்கம் இருவர், வணிகர் குழுவாக ஒருவர், நடுவராக ஒருவர் என்று ஆறு நண்பர்களை வைத்துக்கொள்வோம். சுவரில் ஒரு வரைபடம். இடப் பக்கம் நாகப்பட்டினம். வலப் பக்கம் சுமத்ராவும் மலாயாத் தீபகற்பமும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள 1030-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, இராஜேந்திரன் வென்ற ஊர்களை வரிசையாகச் சொல்கிறது. ஸ்ரீவிஜயம் என்பது இன்றைய பலெம்பாங். இலங்காசோகம் பட்டாணிப் பகுதி. மாதமாலிங்கம் தாய்லாந்தின் நாக்கோன் சி தம்மராட். இலாமுரிதேசம் ஆச்சே. மாநக்கவாரம் நிக்கோபார். கடாரம் நம் கெடா. நண்பர்கள் இந்தப் பெயர்களை வரைபடத்தில் குறிக்கத் தொடங்கும்போதே பாதி வரலாறு கைக்கு வந்துவிடுகிறது. பலெம்பாங்கிலிருந்து நீரிணை வழியாகக் கெடாவுக்குப் போகும் கப்பல் எதுவானாலும், கிள்ளான், கோல சிலாங்கூர், செகிஞ்சான், சபாக் பெர்ணம் என்று இன்று நாம் அழைக்கும் இந்தக் கரையைத் தாண்டித்தான் போக வேண்டும். கதையில் கேட்ட போர் சொந்த ஊரின் வாசலுக்கு வந்துவிடுகிறது.

அடுத்து நடுவர் ஒரு கேள்வி கேட்பார்: "ஆயிரம் வீரர்களை 30 நாள் கடலில் கொண்டுபோகிறீர்கள். சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு?"

கணக்குப் போட வேண்டியதுதான். ஆளுக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோ அரிசி என்றால் மொத்தம் 15,000 கிலோ, அதாவது 15 டன். செகிஞ்சானில் அறுவடைக் காலத்தில் லோரி லோரியாக நெல் போவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த அளவு கண்ணில் தெரியும். தண்ணீர்? ஆளுக்கு மூன்று லிட்டர் என்றால் 90,000 லிட்டர். அதன் எடை 90 டன். அரிசியைப் போல ஆறு மடங்கு! வாளையும் வேலையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர்கள், சோழனின் முதல் கவலை குடிதண்ணீராக இருந்திருக்கும் என்று அப்போது உணர்கிறார்கள். பெரிய நகரமோ கருவூலமோ இல்லாத நிக்கோபார் தீவு ஏன் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்ற கேள்விக்கு, நடுக்கடலில் தண்ணீர் பிடிக்க ஓர் இடம் வேண்டாமா என்று ஒரு விடை மேசையிலேயே கிடைக்கிறது.

யானைக்கணக்கும் அப்படித்தான். சோழர் என்றால் யானைப்படை என்று பொம்மைகளை அள்ளி அடுக்குவார்கள். ஒரு யானை ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். ஐம்பது யானைகளைக் கப்பலேற்றினால் என்ன ஆகும்? கல்வெட்டைத் திரும்பப் படித்தால், கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்க வர்மனை அவனுடைய படையிலிருந்த யானைகளோடு சோழன் பிடித்தான் என்று இருக்கிறது. கல்வெட்டு காட்டும் யானைகள் எதிர்ப்பக்கத்தில் நிற்கின்றன. இதை எத்தனை மேடைப் பேச்சில் கேட்டிருக்கிறோம்?

காற்றும் ஓர் ஆட்டக்காரன். தென்மேற்குப் பருவக்காற்று கப்பலைக் கிழக்கே தள்ளும். வடகிழக்குப் பருவக்காற்றுதான் திரும்பி வரத் துணை. போன படைக்கு உதவி வேண்டுமென்று ஆள் அனுப்பினால், அந்தச் செய்தி நாகப்பட்டினம் வந்து சேர்வதற்கே காற்று மாற வேண்டும். ஆகவே மேசையில் ஒரு விதி வைக்கலாம். கடல் கடந்த தளபதி, அரசனாக ஆடுபவரோடு நேரில் பேசக் கூடாது. துண்டுக் கடிதம் எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். நடுவர் அதை ஒரு மாதம் கழித்துத்தான் சேர்ப்பார். கைத்தொலைபேசியில் ஒரு நொடியில் பதில் எதிர்பார்க்கும் பிள்ளைகளுக்கு, ஒரு கடிதத்துக்காக ஒரு மாதம் காத்திருப்பது நல்ல பயிற்சி.

எதிரியாக யார் ஆடுவது?

இந்த விளையாட்டின் உண்மையான சிக்கல் இங்கேதான் வருகிறது. எல்லாருக்கும் இராஜேந்திரனாக ஆட ஆசை. சங்கிராம விசயோத்துங்கனாக உட்கார யாரும் முன்வருவதில்லை. ஆனால் அந்த நாற்காலி காலியாக இருந்தால் விளையாட்டே இல்லை.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் எதைப் பார்க்கிறான்? சோழரும் ஸ்ரீவிஜயமும் பரம்பரைப் பகைவர்கள் அல்லர். நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளியைக் கட்டியவர்கள் கடாரத்தரசர்களே. அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே மானியமாகக் கொடுத்தவன் இராஜேந்திரனின் தந்தை இராஜராஜன். லெய்டன் செப்பேடுகள் இதைச் சொல்கின்றன. நாகப்பட்டினத்துச் சிவன் கோயிலுக்கும் ஸ்ரீவிஜயத்திலிருந்து காணிக்கைகள் வந்தன. அப்படிப்பட்ட நட்பு, படையெடுப்பில் ஏன் முடிந்தது? 1015-இல் சோழத் தூதுவர்கள் சீன அரசவைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சீன வாணிபத்துக்கான கடல்வழியோ ஸ்ரீவிஜயத்தின் கையில். வாணிபத் தடையே காரணம் என்பார் உண்டு. கடல் கடந்த புகழை இராஜேந்திரன் விரும்பினான் என்பாரும் உண்டு. கடாரத்தின் நாற்காலியில் இருப்பவனுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. 'நேற்று வரை நண்பனாக இருந்தவன் எதற்காக வருகிறான்?' என்று அவன் விடை கண்டால்தான் தப்பிக்க வழி தேட முடியும்.

நாம் வாழ்வது கடாரம் இருக்கும் நாட்டில். பூஜாங் பள்ளத்தாக்கும் மெர்போக்கும் நம் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலா போகும் இடங்கள். பக்கத்து வீட்டு மலாய் நண்பனிடம் 'எங்கள் அரசன் உங்கள் ஊரை வென்றான்' என்று மார்தட்டுவது எளிது. அவனையும் மேசைக்கு அழைத்து, 'வா, இந்தப் படையெடுப்பை நீ தடுத்துப் பார்' என்று சொன்னால் அது வேறு வகை உறவு. அவனுக்கும் அது தன் ஊரின் வரலாறு. இருவரும் ஒரே வரைபடத்தின்மேல் குனிந்திருக்கும்போது, பெருமை அறிவாக மாறுகிறது.

தொடரைக் கொல்வது எது?

இத்தகைய தொடர்கள் பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்தில் நின்றுவிடும். விதிகளில் உள்ள குறை அதற்குக் காரணம் அல்ல. தோற்றுக்கொண்டிருப்பவன் வராமல் போய்விடுவான், அதுதான் காரணம். முதல் மாதம் கப்பல் போயிற்று, இரண்டாம் மாதம் துறைமுகம் போயிற்று, மூன்றாம் மாதம் அவனுக்கு 'வேலை இருக்கிறது'.

கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களுக்கு இந்த வராமை புதிதல்ல. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வரிசை வீடுகள் காலியாயின. ஒரே திடலில் காற்பந்து ஆடியவர்கள் கிள்ளான், ஷா ஆலாம், சிங்கப்பூர் என்று பிரிந்தார்கள். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மட்டும் சந்திக்கும் நட்பாக அது சுருங்கிவிட்டது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்பி வர ஒரு காரணம் வேண்டும். 'சும்மா வாடா' என்றால் வர மாட்டான். 'உன் கப்பல்கள் இலாமுரியில் நிற்கின்றன, நீ வராவிட்டால் யார் நகர்த்துவது?' என்றால் வருவான்.

ஆகவே நடுவரின் முதல் கடமை, தோற்பவனை நாற்காலியில் இருத்தி வைப்பது. அதற்கு வழிகள் உண்டு. போரில் இழந்த அணிகளில் ஒரு பகுதி அடுத்த ஆண்டு திரும்பும் என்று வைக்கலாம். ஊரை இழந்தவன் காட்டுக்குள் போய்ப் படை திரட்டலாம். அண்டை அரசனிடம் உதவி கேட்கலாம். இதெல்லாம் சலுகை அல்ல. வரலாறே அப்படித்தான் நடந்திருக்கிறது.

அதற்குச் சான்று வேண்டுமானால் கோல சிலாங்கூர் மெலாவாத்தி குன்றுக்குப் போனால் போதும். 1784-இல் டச்சுக்காரர்கள் அந்தக் கோட்டையைப் பிடித்து, தங்கள் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரை அதற்கு வைத்தார்கள். சுல்தான் இப்ராஹிம் பகாங்குக்குத் தப்பினார். ஆட்டம் முடிந்தது என்றுதான் எவரும் சொல்லியிருப்பார்கள். மறு ஆண்டே, 1785-இல், பகாங்கின் துணையோடு திரும்பி வந்து கோட்டையை அவர் மீட்டார். டச்சுக் கப்பல்கள் கடல்வழியை மறிக்க, 1786-இல் உடன்பாடு ஏற்பட்டது. சோழர் கடற்படை பெரிதாகத் தோன்றினால், புதியவர்கள் இந்தச் சிறிய போரிலிருந்து தொடங்கலாம். குன்றையும் ஆற்று முகத்தையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து மேசையில் அமைக்கலாம்.

கடாரமும் 1025-ஓடு முடிந்துவிடவில்லை. 1028-இல் ஸ்ரீவிஜயத் தூது சீன அரசவைக்குப் போயிருக்கிறது. 1068 வாக்கில் வீரராஜேந்திர சோழன், உதவி கேட்டு வந்த அரசனுக்காகக் கடாரத்தை வென்று அவனிடமே கொடுத்ததாகக் கல்வெட்டுச் சொல்கிறது. 1088-இல் சுமத்ராவின் பாருஸ் பகுதியில் தமிழ் வணிகர்கள் தமிழிலேயே கல்வெட்டு வைத்தார்கள். 1090-இல் கடாரத்தரசனின் தூதர்கள் குலோத்துங்க சோழனிடம் வந்து, நாகப்பட்டினத்துப் புத்தப் பள்ளியின் உரிமைகளை உறுதிசெய்து பெற்றுச் சென்றார்கள். ஒரு படையெடுப்புக்கு முன்னும் பின்னும் எவ்வளவு நீண்ட உறவு இருந்திருக்கிறது! வென்ற ஆண்டை மட்டும் மனப்பாடம் செய்தவனுக்கு இது தெரியாது.

நேர்மை இல்லாத நடுவர்

நடுவரைப் பற்றி இன்னொரு செய்தி. 1942 மே மாதம், மிட்வே தாக்குதலுக்கு முன் ஜப்பானியக் கடற்படை அதை மேசையில் ஆடிப் பார்த்தது. பகடைப்படி ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள்மேல் ஒன்பது குண்டுகள் விழுந்தன. மேலதிகாரி உகாக்கி அதை மூன்றாகக் குறைத்தார். மூழ்கியதாக முடிவான கப்பல் பிறகு மீண்டும் ஆட்டத்தில் மிதந்தது. அடுத்த மாதம் உண்மைப் போரில் நான்கு விமானந்தாங்கிகள் கடலடியில் போயின. தனக்குப் பிடிக்காத விடையை மாற்றி எழுதுபவனுக்கு விளையாட்டு எதையும் சொல்லித் தராது. தன் இனத்து அரசன் தோற்கிறான் என்பதற்காகப் பகடையைத் திருப்பி உருட்டச் சொல்லும் நடுவரும் அப்படித்தான்.

செலவும் ஐயமும்

வெளிநாட்டு ஈயப் பொம்மைகள் விலை அதிகம் என்பது உண்மைதான். அவை இல்லாமலும் ஆடலாம். கெட்டி அட்டையில் படம் வரைந்து நிற்க வைக்கலாம். களிமண்ணில் யானை செய்யலாம். பச்சைத் துணி வயல், நீல ரிப்பன் ஆறு, சாயமேற்றிய மரத்தூள் காடு. பணத்தைவிட இதற்கு வேண்டியது பொறுமை.

போரை விளையாடினால் வன்முறை வளராதா என்ற ஐயமும் நியாயமானதே. வெல்ஸ் தம் நூலை எழுதிய மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. பொம்மைப் போரையே சில முறை ஆடிப் பார்த்தவனுக்கு, உண்மைப் போர் எவ்வளவு குளறுபடியானது என்று புரிந்துவிடும் என்பதே அந்த நூலில் அவர் வைத்த வாதம். தண்ணீர் தீர்ந்து கப்பல் கப்பலாகத் தன் வீரர்களை இழந்த பிள்ளை, 'போருக்குப் போவோம்' என்று எளிதில் கூச்சலிட மாட்டான்.

அன்பார்ந்த பெற்றோர்களே, பிள்ளைகள் மேசையைக் கேட்டால் கொடுத்துப் பாருங்கள். இளைஞர்களே, வரைபடத்தை மாட்டுங்கள். பிரிந்துபோன நண்பர்களுக்குச் செய்தி அனுப்புங்கள். முதல் மாதம் யார் கடாரத்தரசன் என்று சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். அந்தச் சீட்டு யாருக்கு விழுகிறதோ, அவன் கடைசி மாதம் வரை வந்துகொண்டிருந்தால் உங்கள் தொடர் வெற்றி.